ப்ரெஸ்தவா விழுந்த சனிக்கிழமை

எங்களுடையது முடிவெட்டும் படிப்பு. எங்கள் ஊரான ஒஸ்த்ராவாவில் மற்றப் பள்ளிகள் பிள்ளைகளை வியன்னாவுக்கும் க்ராகோவுக்கும் கூட்டிப்போக, எங்களுக்கு வாய்த்தது ப்ரெஸ்தவா. காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்பதுதான் அந்த ஊருக்கு இருந்த முதல் தகுதி. கூட்டிப்போனவர் எங்களுக்கு வரலாறு எடுக்கும் சீகரோவா டீச்சர். முடிவெட்டப் படிக்கிறவர்களுக்கு வரலாறு எதற்கு என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. நல்ல உயரம், கதவை அடைக்கும் தோள்கள். பார்த்தால் கேட்கத் தோன்றாது.

பஸ் கிளம்பியதிலிருந்து டீச்சர் உட்காரவேயில்லை. டிரைவர் குபாத்தின் பக்கத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.

"முப்பதாண்டுப் போர்ல ஸ்வீடன்காரன் ஒலமோட்ஸைப் பிடிச்சான். ப்ராக்ல பாதியைப் பிடிச்சான். ப்ரெஸ்தவாவுக்குள்ள மட்டும் ஒரு ஸ்வீடன்காரனும் கால் வைக்கல. மூணு தடவ பாய்ஞ்சு வந்தான். மூணு தடவையும் ஊர்ப் பொம்பளைங்க மதில்மேல நின்னு கொதிக்கக் கொதிக்க ரவைக் கஞ்சியை ஊத்தினாங்க. விலெம், ஜன்னலைப் பாக்காத, என்னைப் பாரு."

"கால் வைக்கிற அளவுக்கு அங்க என்னதான் இருக்காம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த லியோனா என் காதில் கேட்டாள்.

"அருங்காட்சியகம் இருக்கு" என்றார் டீச்சர். அவருக்குக் காது கூர்மை.

விலெம்தான் எங்கள் வகுப்பின் ஒரே பையன். மலைபோல உடம்பு. வெட்டுகிற முடியிடமே மன்னிப்புக் கேட்கிற சுபாவம். அவன் அம்மா ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்திருந்த பொரித்த இறைச்சியை பஸ் நகரம் தாண்டுவதற்குள் தின்று முடித்து, மற்றவர்கள் பொட்டலத்தைப் பிரிக்கும்போது எழும் காகிதச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

ஊர் அழகான ஊர்தான். சுற்றிலும் மதில், ஒரே வாசல், நடுவில் சாய்வான சதுக்கம், நீரூற்று, மஞ்சள் நிற நகராட்சி மண்டபம். ஆனால் அருங்காட்சியகத்தின் கதவில், திருவிழாவை முன்னிட்டு இன்று விடுமுறை என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. டீச்சர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கதவைத் தட்டினார். பிறகு குத்தினார்.

"நான் போன்ல கேட்டேன். சனிக்கிழமை திறந்திருக்கும்னு ஒரு அம்மா வாயாலயே சொன்னாங்க."

"விடுங்க டீச்சர், சாசேஜ் கடை திறந்திருக்கு" என்றாள் லியோனா.

டீச்சர் விடவில்லை. அவர் கதவைக் குத்திக்கொண்டிருந்த சத்தம் கேட்டுத்தான் குதெல்கா ஓடி வந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் விசில் தொங்கியது. ஒரு காலில் பழங்காலத்துத் தோல் பூட்ஸ், இன்னொரு காலில் விளையாட்டு ஷூ. திருவிழா நாடகத்தின் இயக்குநர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். எங்கள் எல்லோரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு டீச்சரிடம் திரும்பினார்.

"அம்மா, உங்க பிள்ளைங்களுக்கு ஓடத் தெரியுமா?"

"எதுக்கு?"

"ஸ்வீடன்காரங்களா ஓடணும்."

விஷயம் இதுதான். வருஷா வருஷம் இந்த நாளில் முற்றுகையை நடித்துக் காட்டுவார்கள். ஸ்வீடன் படையாக வருவது பக்கத்து ஊர் ஹேண்ட்பால் குழு. முந்தின நாள் அந்தக் குழுவின் கோல்கீப்பருக்குக் கல்யாணம்.

"இன்னிக்கு ஒருத்தனாலயும் எந்திரிக்க முடியலம்மா. போன் பண்ணினா மாப்பிள்ளையே அழறான். ஸ்வீடன்காரன் இல்லாம நான் எப்படி ஊரைக் காப்பாத்தறது, நீங்களே சொல்லுங்க. கூட்டம் பூராவும் சதுக்கத்துல உக்காந்திருக்கு."

"அருங்காட்சியகம் எப்ப திறக்கும்?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு."

"சண்டை முடியட்டும், பாக்கலாம்."

"பாக்கலாம்னா என்ன அர்த்தம்?"

"திறக்கச் சொல்றேன்மா. சத்தியமா. பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு சாசேஜும் உண்டு."

டீச்சர் யோசித்தார். வரலாற்றை உடம்பால் அனுபவித்துப் படிப்பது நல்லதுதான் என்று எங்களிடம் சொன்னார். சாசேஜ் என்ற வார்த்தையைக் கேட்டதுமே விலெம் குதெல்கா பக்கம் நகர்ந்து நின்றுவிட்டான்.

உடை மாற்றிக்கொள்ளத் தீயணைப்பு நிலையத்துக்குப் போனோம். நீலச் சட்டைகள், தகர மார்புக் கவசங்கள், ரப்பர் வாள்கள் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. ஒரு சாக்கிலிருந்து டோப்பாக்களைக் கொட்டியபோதுதான் பிரச்சினை வந்தது. மஞ்சள் டோப்பாக்கள், ஒன்றோடொன்று பின்னிச் சடை பிடித்து, போன வருஷத்துக் கஞ்சி காய்ந்து ஒட்டி, மழையில் நனைந்த நாய் வாசத்தோடு கிடந்தன. லியோனா ஒன்றை இரண்டு விரலால் தூக்கினாள்.

"இது செத்து ரொம்ப நாள் ஆச்சு. இதை நான் தலையில வைக்க மாட்டேன்."

"சும்மா வெச்சுக்கோடி, யாரு பாக்கப் போறாங்க" என்றேன்.

"நான் பாத்துட்டேனே. பாத்ததுக்கப்புறம் எப்படி சும்மா இருக்கிறது?"

அவள் சொன்னது சரிதான். திங்கட்கிழமை எங்களுக்குச் செய்முறைத் தேர்வு இருந்தது. கத்திரியும் சீப்பும் அடங்கிய பையை பஸ்ஸில் விட்டால் களவு போகும் என்று பயந்து எல்லோரும் தோளில் மாட்டியே வந்திருந்தோம். தீயணைப்பு வண்டியின் படிகளில் வரிசையாக உட்கார்ந்து டோப்பாக்களைச் சிக்கெடுக்க ஆரம்பித்தோம். தண்ணீர்க் குழாயும் அங்கேயே இருந்தது. வேலை கையில் வந்ததும் வெளியே குதெல்கா விசில் ஊதி ஒத்திகைக்குக் கூப்பிட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை. விலெம் மட்டும் போனான். அவன் யார் கூப்பிட்டாலும் போவான்.

திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எல்லாரும் சாகணுமாம்."

"எப்ப?"

"மூணாவது தடவை. மணி அடிச்சா."

"எந்த மணி?"

"தெரியல. மணின்னு சொன்னாரு. விழுந்து கிடக்கணுமாம். அப்புறம் சாசேஜாம்."

"மணி அடிக்கலன்னா?"

விலெம் அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

ஸ்வீடன் தளபதியின் கறுப்புக் கோட்டு அந்தக் கோல்கீப்பரின் அளவுக்குத் தைத்தது. எங்களில் யார் போட்டாலும் தரையில் இழுபட்டது. விலெமுக்கோ வயிற்றில் பித்தான் சேரவில்லை. கடைசியில் டீச்சரே அதை வாங்கினார். "உங்களுக்கு ஒழுங்கு சொல்ல ஒரு ஆள் வேணும்" என்று சொல்லிக் கழுத்து வரைக்கும் பித்தான்களைப் போட்டார். தைத்தது போலப் பொருந்தியது. இறகு வைத்த தொப்பியை மாட்டிக்கொண்டு, தீயணைப்பு வண்டியின் பக்கக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் தன்னைப் பார்த்தார்.

மதிலுக்கு வெளியே புல்வெளியில் அணிவகுத்தோம். எங்கள் டோப்பாக்கள் வெயிலில் பளபளத்துத் தோளில் அலையலையாக விழுந்தன. மதில்மேல் வாளிகளோடு நின்ற பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு சீவிச் சிங்காரித்த எதிரியை அவர்கள் இதுவரை கண்டதில்லை.

முதல் தடவை ஓடினோம். மேலேயிருந்து கஞ்சி விழுந்தது. ஆறிய கஞ்சிதான். மிச்சத்தைப் பிள்ளைகளுக்குப் பரிமாறுவார்கள் என்பதால் சர்க்கரையும் பட்டைத்தூளும் கலந்திருந்தது. அலறிக்கொண்டு பின்வாங்கினோம். "நல்லா இருக்குடி" என்று லியோனா உதட்டை நக்கினாள். இரண்டாவது தடவை ஓடினோம். கூட்டத்தில் சிலர் மதிலின் உட்பக்கப் படிகளில் ஏறி நின்று ஆரவாரித்தார்கள். டீச்சர் பின்னால் நின்று வாளை உயர்த்தி, "முதுகை நிமித்துங்க, கூன் போடாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை ஓடும்போது விலெம்தான் முன்னால் இருந்தான். மணி எப்போது அடிக்குமோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினான். வாசலுக்கு முன்னால் தரையெல்லாம் கஞ்சி. வழுக்கி, உட்கார்ந்தவாக்கில் சறுக்கி, இரண்டு கால்களாலும் கோட்டைக் கதவை இடித்தான்.

கதவு திறந்துகொண்டது.

பிறகுதான் தெரிந்தது. வண்ணம் பூசுவதற்காகத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருந்தார்கள். தீயணைப்புத் தொண்டர்கள் இரண்டு பேர் உள்ளேயிருந்து கதவில் சாய்ந்துகொண்டு நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. எந்த வருஷமும் எந்த ஸ்வீடன்காரனும் கதவைத் தொட்டதில்லை என்பதால் அவர்கள் பீர் வாங்கப் போயிருந்தார்கள்.

கதவு திறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மணியும் அடிக்கவில்லை. முன்னால் போனவர்கள் உள்ளே போனார்கள், பின்னால் வந்தவர்களும் போனோம். ஓடிய வேகத்தில் சதுக்கத்தின் நடுவுக்கே வந்துதான் நின்றோம்.

அங்கே ஊரே உட்கார்ந்திருந்தது. நீண்ட பெஞ்சுகளில் பீர்க் குவளைகளும் சாசேஜ் தட்டுகளுமாக இருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். வாத்தியக் கோஷ்டி பாதியில் நின்றது. நகராட்சியின் ஒலிபெருக்கி மட்டும், "நடுநடுங்கிய பகைவன் நகரை விட்டு ஓடுகிறான்" என்று சொல்லிவிட்டு, கரகரத்து ஓய்ந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மாள் என்னை ஏறிட்டுப் பார்த்து, தன் கைப்பையை மெதுவாக என் பக்கம் நீட்டினார்.

"வேண்டாம்மா, வெச்சுக்குங்க" என்றேன்.

சாசேஜ் கடைக்காரர்தான் முதலில் பேசினார். "நீங்க காசு குடுத்து வாங்குவீங்களா, இல்ல கொள்ளையா? எனக்குத் தெரியணும். அடுப்புல வெச்சாச்சு."

"எங்களுக்கு ஆளுக்கொண்ணு தர்றதா சொன்னாங்க" என்றான் விலெம், எங்களோடு ஓடி வந்து மூச்சு வாங்கத் தரையில் உட்கார்ந்தபடியே.

அப்போது மேடையில் நாலு பேர் எழுந்து கைதட்டத் தொடங்கினார்கள். மழைக்கோட்டுப் போட்ட நாலு வயதானவர்கள். ப்ரெஸ்தவாவுக்கு ஸ்வீடனில் ஒரு சகோதர நகரம் உண்டு. அங்கிருந்து வருஷா வருஷம் விருந்தினர்கள் வந்து, தங்கள் முன்னோர்கள் கஞ்சியில் குளிப்பதை மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களில் மூத்தவர் லூந்த்வால். மேடையிலிருந்து இறங்கி வந்து, கஞ்சி அப்பிய எங்கள் கைகளை ஒவ்வொன்றாகக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னதைக் கூட நின்ற உள்ளூர்ப் பெண் மொழிபெயர்த்தாள்.

"இத்தன வருஷமா வந்துட்டிருக்காராம். உள்ள வந்தது இதுதான் முதல் தடவையாம்."

"காலையில பஸ்ல உள்ளதானே வந்திருப்பாரு?" என்றாள் லியோனா.

அந்தப் பெண் கேட்டுச் சொன்னாள். "அது வேறயாம்."

மேயர் ஷிமேக் வெல்வெட் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். கையில் வெற்றி உரை. டீச்சரின் இறகுத் தொப்பியைக் கண்டதும் நின்று, தன்னையறியாமல் தலையைக் குனிந்து வணங்கிவிட்டார்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க வெளிய இருக்கணும்."

"கதவு திறந்திருந்துது."

"திறந்திருந்தா வந்துடறதா?"

"முற்றுகைன்னா அதுதாங்க அய்யா."

குதெல்கா விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே வந்தார். "எல்லாரும் வெளிய போங்க. மறுபடி மொதல்லேர்ந்து. இந்தத் தடவ செத்துடுங்க, தயவு பண்ணி."

மேயர் அவர் கையைப் பிடித்து இழுத்து, மழைக்கோட்டு விருந்தினர்களைக் கண்ணால் காட்டினார். லூந்த்வால் அப்போது விலெமைத் தூக்கி நிறுத்தித் தோளோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பால்வாடிக்குக் கூரை போட்டது அவங்க" என்று மேயர் கிசுகிசுத்தார். "அந்த மனுஷன் முகத்தைப் பாருங்க. இப்பப் போய் எப்படி வெளிய தள்றது?"

ஆகவே பேச்சுவார்த்தை நடத்துவது என்று ஆயிற்று. டீச்சர் நகராட்சி மண்டபத்துக்குப் போனார். கோட்டைப் போடும்போது அவர் கொடுத்த கைப்பை என்னிடம் இருந்ததால் நானும் போக வேண்டியதாயிற்று. மேல்மாடியில் நீளமான மேசை, சுவரெல்லாம் பழைய மேயர்களின் படங்கள். ஒரு பக்கம் ஷிமேக்கும் குதெல்காவும், மறுபக்கம் டீச்சரும் நானும். கசகசா வைத்த கோலாச் என்ற இனிப்பு ரொட்டி ஒரு தட்டு நிறைய வந்தது.

"உங்க கோரிக்கை என்னன்னு சொல்லுங்க" என்றார் மேயர்.

"அருங்காட்சியகம்."

"எடுத்துக்கணுமா?"

"பாக்கணும்."

மேயர் நாற்காலியில் சாய்ந்தார். "அவ்வளவுதானா?"

"அதுக்குத்தாங்க வந்தோம். காலையில திறந்திருந்தீங்கன்னா உங்க ஊர் இந்நேரம் உங்க கையில இருந்திருக்கும்."

சாவி ப்ளாங்காவிடம் இருந்தது. அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். போனில் பேசியவரும் அவரே. கஞ்சி ஊற்றிய பெண்களின் தலைவியாக மதில்மேல் நடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கூட்டி வரும்படி என்னை அனுப்பினார்கள்.

சதுக்கத்துக்கு வந்து பார்த்தால் ப்ளாங்கா நீரூற்றின் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்தார். லியோனா அவர் தலையை அலசிக்கொண்டிருந்தாள். காற்று திசை மாறி வீசியதில் அவர் ஊற்றிய கஞ்சி அவர் தலையிலேயே விழுந்திருந்தது.

"ப்ளாங்கா அம்மா, மேயர் கூப்பிடறாரு. சாவி வேணுமாம்."

"ஈரத் தலையோட எங்கயும் வர மாட்டேன்" என்றார் ப்ளாங்கா தண்ணீருக்குள்ளிருந்து.

"அவசரம்னு சொல்றாங்க."

"ரோமானா, நீ வேணா பாரு" என்றாள் லியோனா. "யாரோ இந்தம்மாவுக்குப் பின்னால ஒரு பக்கம் வெட்டிட்டு மறு பக்கத்தை அடுத்த மாசத்துக்கு விட்டிருக்கான். இப்படியே விட்டா பாவம்."

நான் பார்த்தேன். உண்மைதான். மேலே போய்ச் சொன்னேன்: ப்ளாங்கா வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும், பின்பக்கம் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. மேயர் தலையில் கை வைத்தார். டீச்சர் ஒரு கோலாச்சை எடுத்துக் கடித்தார்.

அடுத்த தடவை நான் இறங்கி வந்தபோது ப்ளாங்காவின் பின்னால் வரிசை நின்றது. மதில்மேல் நின்ற பெண்கள் எல்லோருமே வந்துவிட்டார்கள். எங்கள் வகுப்பு முழுக்க, மார்புக் கவசத்தோடும் டோப்பாவோடும், பெஞ்சுகளை இழுத்துப் போட்டு வெட்டிக்கொண்டிருந்தது. விலெம் சாசேஜ் கடைக்காரரின் மீசையைத் திருத்திவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். கடைக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்னொரு சாசேஜை அவன் வாயில் வைத்தார். எனக்கு முதலில் கைப்பையை நீட்டிய அம்மாளும் வரிசையில் நின்றார்.

"பின்னால கொஞ்சம் தூக்கி வெட்டணும். எங்க ஊர்க்காரி கேக்கவே மாட்டா. நீ செய்வியா?"

"உக்காருங்கம்மா" என்றேன். டீச்சரின் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே அவருக்கு வெட்டினேன்.

ப்ளாங்கா ஒருவழியாகத் தலையை உலர்த்திக்கொண்டு சாவியோடு வந்தார். மண்டபத்துப் படிக்கட்டில் டீச்சர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் முகம் அதுவரை நான் பார்த்திராத மாதிரி இருந்தது.

"ரோமானா, இருபது வருஷமா ப்ரெஸ்தவா விழவே இல்லன்னு பாடம் நடத்திட்டிருக்கேன். திங்கக்கிழமை நான் என்ன சொல்றது?"

"முடிவெட்டப் போறவங்களுக்கு அது அவ்வளவு முக்கியமா டீச்சர்?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி இறகைத் தடவினார். "எனக்கு முக்கியம்" என்றார். "ஒரு ஊரைப் பத்தியாவது நிச்சயமா ஒண்ணு தெரியும்னு நினைச்சிட்டிருந்தேன்."

அவர் தோளில் ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைத்துவிட்டேன்.

அருங்காட்சியகம் இரண்டே அறைகள். துருப்பிடித்த பீரங்கிக் குண்டு, அடி ஓட்டையான கஞ்சிப் பானை, யாருடையது என்று தெரியாத ஒரு பூட்ஸ், பழைய பஞ்சு அடைத்த நரி. நாங்கள் உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிட்டோம். டீச்சர் மட்டும் தளபதிக் கோட்டோடு ஒவ்வொரு பொருளின் முன்னாலும் நின்று, ஒவ்வொரு விளக்கச் சீட்டையும் படித்தார். ப்ளாங்கா கூடவே நடந்தார்.

"போன்ல சொன்னது நான்தாங்க. திருவிழா மறந்துபோச்சு."

"பரவாயில்ல. நரி எதுக்கு?"

"யாரோ குடுத்தாங்க. எங்க வைக்கிறதுன்னு தெரியல."

வெளியே டிரைவர் குபாத் வந்து நின்றார். பகல் முழுக்க பஸ்ஸில் தூங்கியிருந்தவர், எங்கள் கோலத்தைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பாவிட்டால் வேலை நேரம் முடிந்து சட்டப்படி தன்னால் இன்றைக்கு வண்டியோட்ட முடியாது என்று மட்டும் சொன்னார்.

இப்போது புதுச் சிக்கல் வந்தது. கைப்பற்றிய ஊரை விட்டு நாங்கள் பாட்டுக்கு பஸ் ஏறிப் போய்விட முடியாது, துரத்தியடிக்கப்பட வேண்டும் என்றார் குதெல்கா. கூட்டம் காலையிலிருந்து அதற்காகத்தான் காத்திருக்கிறது. கஞ்சி இன்னும் ஒரு அண்டா மிச்சம் இருந்தது. மேயர் மதில்மேல் ஏறும்படி பெண்களிடம் சொன்னார்.

யாரும் அசையவில்லை.

"இந்தப் பிள்ளைங்க மேலயா?" என்றார் ப்ளாங்கா, தன் பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்தபடி. "என்னால ஆகாது."

"நம்ம ஊர் மானம் என்ன ஆகறது?" என்றார் குதெல்கா.

"உங்களுக்கு வேணும்னா நீங்க ஏறி ஊத்துங்க."

குதெல்கா உண்மையிலேயே ஒரு வாளியை எடுத்தார். விலெம் அவர் எதிரில் போய்ப் பணிவாக நின்றான். "என் மேல ஊத்துங்க சார். நான்தான் கதவை இடிச்சேன்." குதெல்கா அவனையே பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கும் யாரோ முடி திருத்தியிருந்தார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

முடிவை எடுத்தது டீச்சர்தான். மேடைக்குப் போய் லூந்த்வால் முன்னால் நின்றார். மொழிபெயர்க்கும் பெண்ணைப் பக்கத்தில் அழைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லும்மா. பிடிச்ச ஊரை அனாதையா விட்டுட்டுப் போறது முறையில்ல. இவர்தான் இங்க மூத்த ஸ்வீடன்காரர். இவர்கிட்ட ஒப்படைக்கிறேன். திருப்பிக் குடுக்கறதோ வெச்சுக்கறதோ இவர் இஷ்டம்."

அந்தப் பெண் சொல்லி முடிக்குமுன்பே லூந்த்வால் எழுந்து மழைக்கோட்டின் பித்தான்களைப் போட்டார். டீச்சர் இறகுத் தொப்பியை அவர் தலையில் வைத்தார். கொஞ்சம் பெரிதாக இருந்தது. மேயர் வாயைத் திறந்தார், பால்வாடிக் கூரை ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

சட்டைகளையும் டோப்பாக்களையும் தீயணைப்பு நிலையத்தில் வைத்துவிட்டு வரிசையாக வாசல் வழியே வெளியே வந்தோம். டோப்பாக்களைச் சாக்கில் போடாமல் கொக்கிகளில் தொங்கவிட்டு வந்தாள் லியோனா. வாசலில் இப்போது இரண்டு தீயணைப்புத் தொண்டர்களும் விறைப்பாக நின்றார்கள். எங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார்கள்.

பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் டீச்சர் முதல் தடவையாக உட்கார்ந்தார். கொஞ்ச தூரத்தில் அவர் போன் ஒலித்தது. மேயர். சத்தமாகப் பேசியதால் எங்களுக்கும் கேட்டது. லூந்த்வால் மேயரின் நாற்காலியில் உட்கார்ந்து முதல் உத்தரவு போட்டுவிட்டாராம்: சதுக்கத்து பெஞ்சுகள் எல்லாவற்றையும் வெயில் விழும் பக்கமாகத் திருப்ப வேண்டும். நிழலில் உட்கார்ந்து உட்கார்ந்து இத்தனை வருஷமாக முழங்கால் வலிக்கிறதாம்.

"இப்ப நான் என்ன பண்றதும்மா?"

"திருப்புங்க" என்றார் டீச்சர்.

"திருப்பினா?"

"உங்களுக்கும் வெயில் விழும்."

மறுமுனையில் பெஞ்சு இழுபடும் ஓசை கேட்டது. டீச்சர் போனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

ஒஸ்த்ராவாவில் பள்ளி வாசலில் அம்மா காத்திருந்தாள். என் சட்டைக் கழுத்தில் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"எப்படிடி இருந்துது ஊரு?"

"பிடிச்சிட்டோம்மா."

"பிடிச்சிருந்துதா? நல்லது. சாப்பிட்டியா?"

"கஞ்சி" என்றேன்.

"அங்க போயுமா கஞ்சி" என்று அம்மா அலுத்துக்கொண்டாள். பிறகு என் தோளில் தொங்கிய கைப்பையைப் பார்த்தாள். அது டீச்சருடையது. திரும்ப ஓடினேன்.